உங்கள் ஃபுட்பால் டீமுக்குக் கேப்டனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காலேஜ் டீமோ, ஏரியா கிளப்போ, ஆபீஸ் டோர்னமென்டுக்காக அவசரமாகச் சேர்த்த பதினோரு பேரோ, எதுவானாலும் கேப்டன் யார் என்று கேட்டவுடன் அதிக கோல் போடுகிறவர் பெயரைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் வயதில் மூத்தவர், அதுவும் இல்லையென்றால் பந்து வாங்கிக் கொடுத்தவர். முதல்முறையாக டீம் நடத்துகிறீர்கள் என்றால் இந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கீழே உள்ளபடி செய்து பாருங்கள்.

முதல் படி: வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

நாம் எல்லோரும் கிரிக்கெட் கேப்டனைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஃபீல்டு வைப்பது, பௌலரை மாற்றுவது எல்லாம் அங்கே அவர் கையில். ஃபுட்பாலில் அதெல்லாம் கோச்சின் வேலை. விதிப்புத்தகத்தின் 3ஆவது விதி கேப்டனுக்கு எந்தத் தனிச் சலுகையும் இல்லை, டீமின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு என்கிறது. டாஸ் போடுவார், ரெஃப்ரியிடம் பேசுவார், ஆட்டம் கையை மீறிப் போகும்போது பத்துப் பேரைப் பிடித்து நிறுத்துவார். அவ்வளவுதான்.

டாஸைச் சும்மா நினைக்காதீர்கள். ஜெயித்தால் எந்தக் கோலை நோக்கி ஆடுவது அல்லது கிக்-ஆஃப் எடுப்பதா என்று முடிவு செய்யலாம். சாயங்காலம் நாலரைக்குத் தொடங்கும் முழு ஆட்டம், மைதானம் கிழக்கு மேற்காக இருக்கிறது என்று வையுங்கள். விவரமான கேப்டன் முதல் பாதியில் மேற்குக் கோலை நோக்கி ஆடக் கேட்பார். வெயில் இன்னும் மேலே இருக்கும்போது நம் கோலி (கோல்கீப்பர்) அதைச் சமாளித்துக்கொள்வார், ஐந்தரைக்கு மேல் சூரியன் கண்ணுக்கு நேரே இறங்கி வரும்போது அதைப் பார்த்து நிற்பது எதிரணி கோலி.

இரண்டாவது படி: பட்டியலைச் சுருக்குங்கள்

எல்லா ஆட்டத்திலும் முதல் பதினொன்றில் கண்டிப்பாக இருப்பவர்களை மட்டும் எழுதுங்கள். பெஞ்சில் உட்காரும் கேப்டனால் உங்களுக்குத்தான் தலைவலி. அப்புறம் கோபக்காரர்களை அடித்துவிடுங்கள், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் சரி. 2006 உலகக் கோப்பை ஃபைனலின் 110ஆவது நிமிடத்தில் இத்தாலி டிஃபென்டர் மாட்டராஸியை நெஞ்சில் முட்டிச் சிவப்பு கார்டு வாங்கிய ஜிடான் அன்றைக்கு பிரான்ஸ் கேப்டன். பெனால்டி ஷூட்-அவுட் வந்தபோது அவர் களத்தில் இல்லை, பிரான்ஸ் 5-3 என்று தோற்றது.

கோலியைக் கேப்டனாக்கலாமா? ஆக்கலாம், ஸோஃப் (1982), காஸியாஸ் (2010), லோரிஸ் (2018) மூவரும் கோலிகளாக இருந்து உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன்கள்தான். ஆனால் 2024 யூரோவிலிருந்து (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) ஒரு சிக்கல் இருக்கிறது. ரெஃப்ரியிடம் போய் விளக்கம் கேட்கக் கேப்டனுக்கு மட்டுமே அனுமதி, மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால் மஞ்சள் கார்டு என்று அங்கே கொண்டுவந்தார்கள், பிறகு பல லீக்குகளும் எடுத்துக்கொண்டன. கேப்டன் கோலியாக இருந்தால் அந்த வேலைக்குக் களத்தில் ஆடும் வேறொருவரின் பெயரையும் கொடுக்க வேண்டும். உங்கள் டோர்னமென்டில் இது உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது படி: கோல் வாங்கிய பிறகு பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் இரண்டு மூன்று பிராக்டிஸ் மேட்ச் வையுங்கள், கோல் விழுந்ததும் பந்தைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். ஒருவர் இடுப்பில் கை வைத்து நிற்பார், ஒருவர் டிஃபென்டரைத் திட்டுவார், ஒருவர் வலைக்குள் கிடக்கும் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடுவார். இந்த மூன்றாவது ஆளைக் குறித்து வையுங்கள், ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. அடுத்த கார்னர் வரும்போது யார் கை நீட்டி "நீ அவனைப் பிடி, நான் முன் போஸ்ட்" என்று ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுக்கிறார், அதைவிட முக்கியமாக, அவர் சொன்னதும் மற்றவர்கள் நகர்கிறார்களா? கத்துகிறவர் எல்லா டீமிலும் இருப்பார், அவர் பேச்சுக்கு யாரும் அசையவில்லை என்றால் அது வெறும் சத்தம்தான்.

நான்காவது படி: ஓட்டு எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

சீட்டில் ரகசியமாக எழுதச் சொல்லுங்கள், தன் பெயரை எழுதக் கூடாது. "யார் கேப்டன்?" என்று கேட்டால் நண்பன் பெயர் வரும், "இரண்டு கோல் பின்தங்கியிருக்கும்போது யார் பேச்சைக் கேட்பாய்?" என்று கேளுங்கள்.

ஓட்டு மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்து கிளப் ஆர்சனல் நல்ல உதாரணம். 2019 செப்டம்பரில் வீரர்களின் ஓட்டுக்குப் பிறகு அன்றைய கோச் உனாய் எமரி, கிரானிட் ஷாகாவைக் கேப்டனாக்கினார். ஒரே மாதத்தில், கிரிஸ்டல் பேலஸ் அணியுடனான ஆட்டத்தில் ஷாகாவை வெளியே அழைத்து வேறொருவரை இறக்கியபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட, பதிலுக்கு அவர் காதில் கை வைத்துக் காட்டி, சட்டையைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தார். நவம்பர் தொடக்கத்தில் பதவி போய்விட்டது. ஆனால் அதே ஷாகா கேப்டனாக இருந்த சுவிட்சர்லாந்துதான் 2024 யூரோவில் இத்தாலியை 2-0 என்று வெளியேற்றியது. ஆள் மோசமில்லை, அன்றைய ஆர்சனலுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. அதனால் வேறொரு டீமில் கேப்டனாகக் கலக்கியவர் என்பதற்காகவே உங்கள் டீமுக்கு வந்தவுடன் பொறுப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாவது படி: சொல்வதிலும் முறை இருக்கிறது

எதிர்பார்த்து ஏமாறப் போகிறவரிடம் முதலில் தனியாகப் பேசிவிடுங்கள், அவர் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டால் சீசன் முழுக்க முகம் தூக்கிக்கொண்டுதான் ஆடுவார். வைஸ் கேப்டனையும் அப்போதே முடிவு செய்யுங்கள், கேப்டன் டிஃபென்டர் என்றால் இவர் நடுக்களத்திலோ முன்னாலோ ஆடுபவராக இருந்தால் நல்லது.

கடைசியாக ஆர்ம்பேண்ட். கேப்டன் அதைக் கட்டியிருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது, வெல்க்ரோ வைத்ததாக வாங்குங்கள். வெறும் இலாஸ்டிக் என்றால் வியர்வையில் நழுவி முழங்கைக்கு வந்துவிடும்.