தோட்டாவை வாசலுக்கு வெளியிலேயே எடுத்துவிடுங்கள்

கடையம், களக்காடு, திருக்குறுங்குடி, சிவகிரி என்று மலையடிவாரத்தில் வயலும் விளையும் வைத்திருக்கிற குடும்பங்களில் சிலவற்றில் இன்னமும் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. பெரும்பாலும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பாவோ தாத்தாவோ வாங்கிய பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு) ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். அபூர்வமாக, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வங்கிக் காவலுக்குப் போகிற அண்ணாச்சிகள் வீட்டிலும் உண்டு. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் இதை எழுதவில்லை. அதே கூரைக்குக் கீழே தூங்குகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒருமுறை வெடித்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. பிசானப் பயிர் கதிர் வாங்கியிருந்த நேரம், அப்பா ராத்திரி முழுக்கப் பன்றிக் காவல் இருந்துவிட்டு விடிகிற நேரத்தில் வந்தார். பன்றியை விரட்ட ஒரு குழலில் வேட்டுப் போட்டிருக்கிறார், அந்தக் காலித் தோட்டாவை வயலிலேயே எடுத்துப் போட்டுவிட்டார், ஆனால் பக்கத்துக் குழலில் ஒன்று இருப்பது அந்த அசதியில் அவருக்கு நினைவில் இல்லை. துப்பாக்கியைப் பட்டாசலில் மூலையில் சாய்த்து வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். சிமெண்டுத் தரையில் கட்டை வழுக்கித் துப்பாக்கி சரிந்தது, மேலே நீட்டிக்கொண்டிருந்த குதிரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கிற சுத்தி, குத்துக்கல்லில் மோதியது. விசையை யாரும் தொடவே இல்லை. தோட்டாவுக்குள் இருந்த ரவை, அந்தச் சின்ன ஈயக்குண்டுகள், முழுக்கச் சுவரின் அடிப்பக்கத்தில் போய் இறங்கியது. அதிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் என் தங்கை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் வந்தது: துப்பாக்கி வீட்டுக்குள் நுழையும்போது வெறுங்குழலாகத்தான் நுழைய வேண்டும். பூட்டு, பெட்டி, பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான். தோட்டா உள்ளே இல்லாத துப்பாக்கி விழுந்தாலும் வெடிக்காது, பிள்ளை எடுத்தாலும் வெடிக்காது, துடைக்கும்போதும் வெடிக்காது.

இதை எப்படிச் செய்வது என்றால், காவல் முடிந்து கிளம்பும்போதே, வயலை விட்டு இறங்குவதற்கு முன்னால் வரப்பில் நில்லுங்கள். குழலின் வாய் ஈரமண்ணைப் பார்த்து இருக்கட்டும், பாறையையோ கல்லையோ பார்க்கக் கூடாது, ரவை தெறித்துத் திரும்பும். விரல் விசைக்கு வெளியே, காப்பு வளையத்துக்கு மேலே நீட்டி இருக்க வேண்டும். குழலை ஒடித்து, அதாவது கீலில் மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாவையும் கையில் எடுங்கள். ஒரு குழலில் சுட்டிருந்தாலும் இரண்டையும் எடுக்க வேண்டும், இரட்டைக்குழலில் ஆபத்தே மிச்சமிருக்கிற அந்த இன்னொரு குழல்தான். பிறகு எண்ணுங்கள். போகும்போது நான்கு தோட்டா கொண்டுபோனால், வரும்போது காலியும் முழுசும் சேர்த்து நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால் நான்காவது எங்கே என்று தெரிகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அப்பா இதற்கென்றே மூடிபோட்ட பழைய காப்பித்தூள் டப்பா ஒன்று வைத்திருந்தார், எண்ணிக்கை அதற்குள்தான் நடக்கும்.

இருட்டில் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒடித்த குழலின் பின்பக்கத்தில், தோட்டா உட்காருகிற இடத்தில் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள், இரண்டு குழலிலும். துப்பாக்கியை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் குறுக்கே வைத்துக் கொண்டுவருகிறவர்கள் ஒடித்து, உறையில் போட்டுக் கட்டிக் கொண்டுவாருங்கள். கெட்டித்த துப்பாக்கியோடு வண்டி ஓட்டுவது, வேலி தாண்டுவது, வாய்க்கால் தாண்டுவது மூன்றும் கூடவே கூடாது.

வாசலுக்கு வந்ததும் இன்னொரு தடவை. இந்தத் தடவை பார்க்க வேண்டியது வேறு ஒரு ஆள். சரிந்து வெடித்த அந்த நாளுக்குப் பிறகு என் அம்மா கம்பிக்கதவைத் திறக்கவே மாட்டார், முதலில் குழலை ஒடித்துக் காட்ட வேண்டும், டார்ச் அடித்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் தப்பு செய்வார், தூங்கி எழுந்து வந்தவர் அதைப் பார்த்துவிடுவார். கணவரிடம் இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக எந்தப் பெண்ணும் நினைக்க வேண்டாம், எந்தக் கணவரும் அப்படி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சேஃப்டி போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பெரும்பாலான இரட்டைக்குழலில் மேலே கட்டைவிரலால் தள்ளுகிற அந்த சேஃப்டி விசையை மட்டும்தான் பூட்டுகிறது. உள்ளே ஏறி நிற்கிற சுத்தியை ஒரு சின்ன இரும்புப் பல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பல் தேய்ந்திருந்தால் துப்பாக்கி கீழே விழுகிற அதிர்ச்சியில் நழுவிவிடலாம். வெளியே குதிரை உள்ள பழைய மாடலில் பெரும்பாலும் சேஃப்டியே கிடையாது. குதிரையை ஏற்றிவிட்டுச் சுடாமல் விட்டால், தோட்டா உள்ளே இருக்கும்போது கட்டைவிரலால் மெல்ல இறக்கப் பார்ப்பார்கள், வேர்வைக் கையில் வழுக்கினால் வேட்டுதான். முதலில் குழலை ஒடித்துத் தோட்டாவை எடுங்கள், அப்புறம் குதிரையை இறக்குங்கள். விசையை இழுத்தும் வெடிக்காமல் நின்றுவிட்டால் உடனே ஒடித்துப் பார்க்காதீர்கள், மருந்து தாமதமாகவும் பற்றும். குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடியே குறைந்தது ஒரு நிமிடம் பொறுங்கள்.

வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கி வேறு கதை. கேப்பை (தட்டினால் மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடியை) எடுத்துவிட்டேன், இனி ஒன்றுமில்லை என்று நினைப்பார்கள். மருந்தும் ரவையும் குழலின் அடியில் அப்படியே இருக்கும், மாதக்கணக்கில் இருக்கும். மழையில் நனைந்த கருமருந்து செத்துவிட்டது என்று நம்பக் கூடாது, காய்ந்தால் மறுபடியும் பற்றும். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி, கெட்டிக்கிற கம்பியில் அடையாளம் போட்டு வைப்பது. குழல் வெறுமையாக இருக்கும்போது கம்பியை உள்ளே விட்டு, குழலின் வாய்க்கு நேராக ஒரு கோடு கீறுங்கள். பின்னால் எப்போது விட்டுப் பார்த்தாலும் அந்தக் கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். கம்பியை விடும்போது முகமோ உள்ளங்கையோ வாய்க்கு நேராக வரக் கூடாது, விரல் நுனியால் பக்கவாட்டில் பிடித்து விடுங்கள். கெட்டித்ததை நீங்களே நோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். கேப்பை எடுத்துவிட்டு, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். கருமருந்தை அடுக்களைப் பக்கமும் சாமி விளக்குப் பக்கமும் வைக்கவே கூடாது, பீடியோடு யாரும் கிட்டே வரவும் கூடாது.

சரி, வெறுங்குழலாக உள்ளே வந்தாயிற்று, எங்கே வைப்பது? குலுக்கைக்குப் பின்னால், மச்சில், கட்டிலுக்கு அடியில், தலையணைப் பக்கம் எல்லாம் ஒளித்து வைக்கிற இடங்கள்தான், பூட்டி வைக்கிற இடங்கள் இல்லை. பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று வீட்டில் ஒன்று கிடையாது, மே மாத லீவுக்குச் சென்னையிலிருந்து வருகிற பேரன் இரண்டே நாளில் அரங்குவீடு முழுக்கத் துழாவிவிடுவான். ஒடிக்கிற துப்பாக்கிக்கு ஒரு வசதி இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக, பின்கட்டை தனியாக வந்துவிடும். குழலை ஒரு பீரோவில், கட்டையை இன்னொரு பெட்டியில், தோட்டாவை மூன்றாவதாக ஒரு பூட்டுக்குள் வைத்துவிட்டால், மூன்றையும் ஒன்றுசேர்க்காமல் யாராலும் சுட முடியாது. கழற்ற மனமில்லாதவர்கள் குழலை ஒடித்து அதற்குள் ஒரு சங்கிலியைக் கோத்துப் பூட்டலாம். சாவி கொத்தில் தொங்கக் கூடாது, எந்தச் சாவி என்று லைசென்ஸ்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

துடைக்கும்போது நடக்கிற விபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துடைக்க உட்காருகிறவர் எல்லோருமே அது காலி என்று நினைத்துத்தான் உட்காருகிறார். அதனால் தோட்டா டப்பா வேறு அறையில் இருக்கட்டும், விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே துணியை எடுங்கள், எதிரே யாரையும் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். தேங்காயெண்ணெய் போடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாக இறுகி விசையையும் பல்லையும் ஒட்டவைக்கும், விட்டால் திரும்பாத விசை பெரிய ஆபத்து. தையல் மிஷின் எண்ணெய் கொஞ்சமாகப் போதும். ரொம்ப நாள் சுவரில் மாட்டியிருந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதைப் பார்க்காமல் சுட்டால் குழலே பிளந்துவிடும்.

பிள்ளைகளிடம் ஒளிக்காமல் பேசுங்கள். பார்த்தால் தொடாதே, அந்த இடத்தை விட்டு வெளியே போ, பெரியவர் ஒருவரிடம் சொல், இந்த மூன்று போதும். ஆனால் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று பூட்டாமல் விட்டுவிடக் கூடாது, பன்னிரண்டு வயதுப் பையனின் ஆசைக்கு முன்னால் நம் புத்திமதி நிற்காது. ஏர் கன்னையும் இதே கணக்கில் வையுங்கள். .177 அளவுக்கு மேல் போகாமல், 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாமல் இருக்கிறவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பொம்மை என்றே வாங்கித் தருகிறார்கள். அந்தச் சின்ன ஈயம் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

குடித்திருக்கிற அன்று துப்பாக்கியைத் தொடக் கூடாது. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது வேண்டவே வேண்டாம், மேலே போனது எங்கோ இறங்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன், வீட்டில் யாராவது மனம் உடைந்து போயிருந்தால், கடன், காதல், நோய் என்று எதுவாக இருந்தாலும், அன்றைக்கே துப்பாக்கியை வீட்டிலிருந்து அகற்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிடுங்கள், பூச்சிமருந்தை அப்புறப்படுத்துகிற மாதிரியே. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

மீறி நடந்துவிட்டால் முதலில் துப்பாக்கியைக் காலி செய்து தள்ளி வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சுத்தமான துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். ரவையைத் தோண்டாதீர்கள், மஞ்சளோ காப்பித்தூளோ அப்பாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து மறைத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாக, அப்பா காலமான வீடுகள். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவது எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துக்கத்தில் யாரும் துப்பாக்கியை நினைப்பதில்லை, அது பீரோவிலேயே கிடக்கும். 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அதைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும், வாரிசு பேருக்கு மாற்றுவதைப் பிறகு மனு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். துப்பாக்கியே தெரியாத மகன் அதை ஒடித்துப் பார்க்க முயல வேண்டாம். ஸ்டேஷனுக்கு முதலில் போன் செய்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். தோட்டா டப்பாவையும் லைசென்ஸ் புத்தகத்தையும் தேடி எடுத்து வையுங்கள், ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.