ங்கோரோங்கோரோ சாலையை மாசாய் மக்கள் மறித்தால்

தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து நம்மூர்க் குடும்பங்களுக்கு சஃபாரி ஏற்பாடு செய்கிறேன். ங்கோரோங்கோரோ வனவிலங்குப் பாதுகாப்புப் பகுதிக்குப் போகும் வழியில், அங்கே மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் போராட்டம் என்றால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள்.

வண்டியை நிறுத்திவிடுங்கள். ஹாரன் வேண்டாம். சிவப்புப் போர்வை போர்த்திய மாசாய்க்காரர்கள் கையில் புல் பிடித்திருந்தால் அது சமாதான அடையாளம். ஓட்டுநர் சுவாஹிலியில் பேசட்டும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சஃபாரி வண்டியின் கூரையைத் திறந்து, ஏதோ சிங்கத்தைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்ப்பது இன்னும் அசிங்கம்.

காரணம் தெரிந்தால் காத்திருப்பது அவ்வளவு கடுப்பாக இருக்காது. 1959இல் இவர்களைப் பக்கத்து செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து வெளியேற்றியபோது, ங்கோரோங்கோரோவில் வாழலாம் என்று உறுதி கொடுத்தார்கள். இப்போது அங்கிருந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள ம்சோமேரா கிராமத்துக்கு அரசு அனுப்பப் பார்க்கிறது. கிராமங்களின் பதிவையே நீக்கும் ஆணை வந்ததும் 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் சாலைக்கு வந்தார்கள். அருஷா நீதிமன்றம் ஆணையை நிறுத்திவைத்தது. எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, பிழைப்பு அடிபட்டாலும்.

அப்புறம், ங்கோரோங்கோரோ நுழைவு அனுமதி 24 மணி நேரத்துக்குத்தான். தாமதமாகும் என்று தெரிந்ததுமே வழிகாட்டியை வாயில் அலுவலகத்துக்குச் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கூடுதலாக இருக்கட்டும். மறுநாள் ஊர் திரும்ப வேண்டியவர்கள் செரெங்கெட்டிக்குள் இருக்கும் செரோனேரா விமானத்தளத்திலிருந்து அருஷாவுக்குச் சிறு விமானம் பிடிக்கலாம். கட்டணம் கொஞ்சம் கடிக்கும்.