தானே எழ, தானே போக: பிசியோதெரபியை வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி

பிசியோவைப் பார்க்க முதல் தடவை போகும்போது "கால் சரியாகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "ராத்திரி யாரையும் எழுப்பாமல் டாய்லெட்டுக்குப் போய் வரணும்" என்று சொல்லுங்கள். "ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் வரிசையில் நின்று கும்பிடணும்" என்று சொல்லுங்கள். கால் சரியாகணும் என்பதை வைத்து பிசியோக்களான எங்களால் பெரிதாகத் திட்டம் போட முடியாது. டாய்லெட்டுக்குப் போகணும் என்றால் முடியும். ஏனென்றால் அந்த ஒரு வேலைக்குள் படுக்கையில் புரள்வது, விளிம்பில் எழுந்து உட்கார்வது, நிற்பது, அரை இருட்டில் சில அடி நடப்பது, திரும்புவது, உடையை இறக்குவது, மெதுவாக உட்கார்வது என்று பல வேலைகள் இருக்கின்றன. எதில் தடைப்படுகிறது என்று பார்த்து அதற்குத்தான் பயிற்சி கொடுப்போம். சில நேரம் காலில் போதுமான பலம் இருக்கும், கட்டில்தான் ரொம்பத் தாழ்வாக இருக்கும்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிசியோவாக இருக்கிறேன். என்னிடம் வருகிற நம் ஆட்களில் நிறைய பேருக்குப் பின்னால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன, அதனால் பக்கவாதமும் கால் எடுப்பதும் திரும்பத் திரும்ப வருகிறது. விபத்தில் முதுகெலும்பு அடிபட்ட இளைஞர்கள் உண்டு, பெருமூளை வாதத்தோடு பிறந்த குழந்தைகள் உண்டு. எல்லாருக்கும் ஒரே பயிற்சி கிடையாது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஒன்று உண்டு: மருத்துவமனையில் நாங்கள் கொடுக்கும் அரை மணி நேரத்தைவிட, வீட்டில் மீதி நேரம் எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் வீட்டை அளந்து வாருங்கள்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வீடுகள் எப்படி என்று நமக்குத் தெரியும். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த நிறவெறிக் காலக் குழுப் பகுதிச் சட்டத்தின்பேரில் மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, மேட்டிலும் சரிவிலும் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். பல வீடுகளில் ரோட்டிலிருந்து கேட்டுக்கு இறங்கவே படி, உள்ளே மாடிக்கு இன்னொரு குறுகின படி, படுக்கையறை மேலே. டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்சிலும் அதே கதைதான். மருத்துவமனையின் சமதளத் தரையில் நன்றாக நடந்தவர் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுவது இதனால்தான்.

ஆகவே வரும்போது போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். வாசல்படி, மாடிப்படி, குளியலறை, கட்டில், எல்லாம். ஒரு டேப் எடுத்து கதவின் அகலம், கட்டிலின் உயரம், டாய்லெட் இருக்கையின் உயரம், படி எத்தனை, கைப்பிடி ஏறும்போது எந்தப் பக்கம் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வலது பக்கம் வாதம் வந்தவருக்கு வலது பக்கம் மட்டும் கைப்பிடி இருந்தால் மேலே ஏற அது உதவாது. இறங்கும்போது மட்டும்தான் அது நல்ல கைப்பக்கம் வரும். இரண்டு பக்கமும் போடுங்கள், அதற்கு ஆகும் செலவு ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு உடைவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சாய்தளம் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கே கட்டட விதியில் சொல்லும் அளவு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் 3 படி இருந்தால் மொத்தம் 45 சென்டிமீட்டர், அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்துவைக்கிறார்கள், சக்கர நாற்காலி பின்னால் கவிழ்வது அங்கேதான். இடம் போதாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் விட்டு வளைத்துக் கட்டலாம்.

எழுந்து நிற்பது: இதைத் தினமும் செய்யுங்கள்

பக்கவாதம் வந்தவருக்கானாலும், மூட்டு தேய்ந்தவருக்கானாலும், நான் ஒரே ஒரு பயிற்சிதான் கொடுக்கலாம் என்றால் இதைத்தான் கொடுப்பேன். சோஃபா வேண்டாம், அது உள்ளே வாங்கிவிடும். கெட்டியான நாற்காலி, கைவைத்தது, பின்னால் சுவர். முன்விளிம்புக்கு நகர்ந்து வரவேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் உள்தள்ளி இருக்கவேண்டும். அப்புறம் மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து எழவேண்டும். பெரும்பாலானவர்கள் குனியாமல் நேராக மேலே எழப் பார்க்கிறார்கள், அப்போது உடல் எடை பின்னால் நிற்கும், நாற்காலியிலேயே தொப்பென்று விழுவார்கள். உட்காரும்போதும் மெதுவாக, அந்த இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் தொடைக்கு உண்மையான வேலை.

வாதம் வந்தவர் நல்ல காலிலேயே எல்லா எடையையும் போட்டு எழுந்துவிடுவார். அவர் அப்படி எழுந்தால் பலவீனமான கால் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. நல்ல பாதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், மற்ற கால் வேலை செய்தே ஆகவேண்டும். மூளை ஒரு அசைவைத் திரும்பக் கற்றுக்கொள்வது அந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகு மெதுவாக இருக்கும், ஆனால் நின்றுபோவதில்லை. "ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எத்தனை தடவை என்று கேட்பீர்கள். கால் களைத்து, ஆனால் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்காமல் எத்தனை வருகிறதோ அத்தனை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் வரை, விளம்பரம் ஓடும் நேரம், விளக்கேற்றியதும் என்று எதனோடாவது சேர்த்துவிடுங்கள். பயிற்சி நேரம் என்று தனியாக வைத்தால் இரண்டே வாரத்தில் விட்டுப்போகும்.

கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

வாதம் வந்த தோளில் தசை தளர்ந்திருக்கும், மூட்டு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால், அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால், தோள்வலி மாதக்கணக்கில் போகாது. அந்த வலியால் பயிற்சியும் நின்றுவிடும். மினிபஸ் டாக்சியில் ஏற்றும்போது அவசரத்தில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்தக் கையைத்தான் இழுப்பார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்கள் நிற்கவேண்டிய இடம் பலவீனமான பக்கம், பிடிக்கவேண்டிய இடம் இடுப்பு. அகலமான பெல்ட் ஒன்று கட்டிவிட்டால் பிடிக்க வசதி.

சட்டை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இந்த வரிசை தெரிந்தாலே பலர் தாமே உடுத்திக்கொள்கிறார்கள்.

இதைச் சொல்லாமல் விடமுடியாது. நம் வீடுகளில் பாசம் அதிகம். ஆயா எழப்போனால் மருமகள் ஓடிவந்து "நீங்க உட்காருங்க ஆயா, நான் கொண்டுவர்றேன்" என்பாள். மகன் தண்ணீரை வாயருகே நீட்டுவான். சில மாதத்தில் ஆயாவுக்கு எழவே முடியாமல் போகும், வாதத்தால் அல்ல, எழாததால். உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் முயலும்வரை பக்கத்தில் நின்று காத்திருங்கள், எந்த இடத்தில் முடியவில்லையோ அந்த இடத்தில் மட்டும் கைகொடுங்கள். ஆயாவுக்கு ரொட்டி தேய்ப்பது பிடிக்கும் என்றால் சமையலறை மேடை முன் நிற்கவைத்து, பின்னால் ஒரு நாற்காலி போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தேய்க்கச் சொல்லுங்கள். நிற்கும் சமநிலை, எடையை மாற்றுவது, கையைப் பயன்படுத்துவது மூன்றும் அதில் வருகின்றன. ரொட்டி வட்டமாக வராது, பரவாயில்லை.

கைத்தடி, செருப்பு, கோயில்

தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்கவேண்டும். வலிக்கிற பக்கம் பிடிப்பவர்கள்தான் அதிகம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வரவேண்டும், பிடித்தால் முழங்கை லேசாக மடியும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள், ஈரத் தரையில் அதுதான் உயிர். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில்.

பாதம் தொங்குகிறவர்களுக்கு, கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் பட்டை கொடுப்பார்கள். அது ஷூவுக்குள் போடுவதற்காகச் செய்தது. கோயிலில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் பட்டையோடு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். கோயிலுக்கு மட்டும் என்று ஒரு சுத்தமான ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு, நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அது ஒத்துவராவிட்டால் பட்டை செய்து கொடுத்தவரிடம் அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டித்தரச் சொல்லுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் வெயிலில் காய்ந்த கோயில் தரையில் வெறுங்காலோடு நிற்கவேண்டாம், வெந்தது தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும்.

கால் எடுத்தவருக்கு முதல் வாரங்களில் செய்யும் பெரிய தவறு, வலிக்கிறதே என்று மிச்சமுள்ள காலுக்கு அடியில் தலையணை வைப்பது. இடுப்பும் முழங்காலும் மடங்கியே இறுகிவிடும், பின்னால் செயற்கைக் கால் பொருந்தாது. மூச்சுக்கும் இதயத்துக்கும் தொந்தரவு இல்லை என்றால் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்கச் சொல்லுவோம். இருக்கிற இன்னொரு காலின் அடிப்பாகத்தைத் தினமும் இரவில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதையும் இழந்துவிடக்கூடாது.

சக்கர நாற்காலி

"நாற்காலியில் உட்காரவைத்தால் நடக்கவே மாட்டார்" என்று வீட்டார் எதிர்ப்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நாலு அடி நடந்து நாள் முழுதும் களைத்துக் கிடப்பவர், நாற்காலியில் கடைக்கும் கல்யாணத்துக்கும் தானே போய்வந்தால் அவர் எங்கேயும் போகாதவரா? வீட்டுக்குள் நடக்கட்டும், வெளியே நாற்காலியில் போகட்டும், இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தும்.

ஆனால் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தள்ளுகிற பெரிய மடக்கு நாற்காலி நாள் முழுதும் உட்கார்வதற்கானது அல்ல. இடுப்பின் அகலம், தொடையின் நீளம், கால்வைக்கும் பலகையின் உயரம் அளந்து கொடுக்கவேண்டும். அகலம் அதிகமானால் ஒருபக்கம் சாய்ந்து முதுகு வளையும். உணர்ச்சி இல்லாதவருக்கு நல்ல மெத்தை கட்டாயம், அரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஓரிரு நிமிடம் முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பின்பக்கத்துக்கு ரத்தம் ஓட இடம் கொடுக்கவேண்டும். சிவப்பு விழுந்து, அழுத்தம் எடுத்த பிறகும் மறையாவிட்டால் அந்த இடத்தில் உட்காரக்கூடாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது பிரேக்கைப் போட்டீர்களா, கால்பலகையை மடக்கினீர்களா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

முதுகெலும்பில் மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை இடிபோல வலித்து முகம் வியர்த்தால் அது ரத்த அழுத்தம் ஏறுவதாக இருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போங்கள், காத்திருக்கவேண்டாம்.

குழந்தை என்றால்

பெருமூளை வாதம் உள்ள ஆறு வயதுக் குழந்தையை இடுப்பிலேயே தூக்கிச் சுமக்கிற தாய்மாரிடம் நான் கோபப்பட முடியாது. ஆனாலும் கேட்கிறேன், குழந்தை நிமிர்ந்து உட்கார ஏற்ற நாற்காலியும், நிற்கவைக்கும் சட்டமும் கேட்டு வாங்குங்கள். அழ அழக் காலை இழுத்து நீட்டுவது பயிற்சி அல்ல. பிடித்த பொம்மையை எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் வையுங்கள்.

செலவும் உதவித்தொகையும்

தனியார் பிசியோவைப் பார்க்க இந்நாட்டில் டாக்டர் கடிதம் தேவையில்லை. ஆனால் அவர் மருத்துவத் தொழில் செய்கிறவர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. அமைப்பில் பதிவு செய்தவரா என்று பாருங்கள், மசாஜ் செய்கிற எல்லாரும் பிசியோ அல்ல. அரசு மருத்துவமனையில், நிரந்தரமான நடுத்தர அல்லது கடுமையான ஊனம் உள்ளவர்களுக்கு 2003 முதல் இலவச சிகிச்சைத் திட்டம் உண்டு, தகுதியை அங்கேயே மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அரசின் சமூக உதவித்தொகை அமைப்பான சாசாவின் ஊனமுற்றோர் உதவித்தொகையோ முதியோர் உதவித்தொகையோ வாங்குகிறவருக்கு முழுநேரம் ஆள் துணை வேண்டும் என்றால் கூடுதலாகத் துணைத்தொகை உண்டு. பல குடும்பங்கள் இதைக் கேட்காமலே விடுகின்றன.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கொடுத்த பயிற்சி, எதில் வலித்தது, எது புதிதாக முடிந்தது என்று எழுதுங்கள். படிப்பு முடித்த இளம் பிசியோக்கள் ஒரு வருடச் சமூகசேவைக்கு வருகிறார்கள், வருடம் முடிந்தால் ஆள் மாறுவார். புதியவர் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் இருக்க அந்த நோட்டுதான் வழி.

விழுந்தால்

விழாமல் இருக்கப் பயிற்சி கொடுப்போம், ஆனால் விழுந்தபின் எழுவதையும் பழகிக்கொள்ளவேண்டும். பிசியோ பக்கத்தில் இருக்கும்போதே தரையில் படுத்துப் பழகுங்கள். நல்ல பக்கமாக ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, கையும் முழங்காலும் ஊன்றிய நிலைக்கு வந்து, கெட்டியான நாற்காலிக்குத் தவழ்ந்து போய், கையை இருக்கையில் ஊன்றி, நல்ல காலை முன்னால் வைத்துத் தள்ளி எழவேண்டும். முழங்கால் ஊன்ற முடியாதவருக்கு வேறு முறை உண்டு, பிசியோவிடம் கேளுங்கள். விழுந்தவரை வீட்டார் அவசரமாகத் தூக்கவேண்டாம். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், காலை அசைக்கச் சொல்லுங்கள், இடுப்போ கழுத்தோ வலித்தாலும் காலொன்று குட்டையாகத் திரும்பிக் கிடந்தாலும் அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வையுங்கள், அவரே எழட்டும். தனியாக இருப்பவர் போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், மேசைமேல் வைத்த போன் தரையிலிருந்து எட்டாது.