ராமநாதபுரக் கடற்கரையில் ட்யூலிப்: பொங்கலுக்கு ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுக்க, அக்டோபரிலேயே தொடங்குங்கள்

ட்யூலிப் என்றதும் ஹாலந்து நினைவுக்கு வரும். அதன் பூர்விகம் மத்திய ஆசியாவின் தியான் ஷான், பாமிர் மலைப்பகுதிகள். குளிர்காலம் முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். பனி உருகியதும் பூக்கும். கோடை முற்றுவதற்குள் இலை காய்ந்து மறுபடி ஓய்வுக்குப் போய்விடும். கீழக்கரையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜுக்குத்தான்.

முதல் வருடம் நான் மண்ணுக்கும் உரத்துக்கும் அலைந்தேன், குளிரை விட்டுவிட்டேன். இலை மட்டும் வந்து நின்றது. வாங்கும் கிழங்குக்குள்ளேயே பூ சின்ன உருவில் தயாராக இருக்கிறது, அதற்கு வேண்டிய உணவும் இருக்கிறது. உரம் தேவையே இல்லை. குளிரும் நல்ல தண்ணீரும் போதும்.

அக்டோபர் முதல் வாரம். கெட்டியான, கனமான கிழங்காக வாங்குங்கள். அமுக்கினால் மெத்தென்று இருந்தால் வேண்டாம். காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். 4 முதல் 7 டிகிரி வரை சரி; ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி எதுவும் அதே ஃப்ரிட்ஜில் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கருக்கிவிடும். கிழங்கு பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் சாப்பிடக் கூடாதது. பையின் மேல் பெரிதாக எழுதி, வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும் வையுங்கள்.

இடையில் ஐப்பசி, கார்த்திகை மழை வரும்போது மாடித் தண்ணீரைக் குடங்களில் பிடித்து மூடி வையுங்கள். நம் பக்கத்துக் கிணற்று உப்பு இந்தச் செடிக்கு ஆகாது. மழைநீர் இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

டிசம்பர் நடுவில். ஃப்ரிட்ஜில் நிற்கிற அளவுக்கு, அடியில் ஓட்டையுள்ள ஆறு அங்குலத் தொட்டி எடுங்கள். செம்மண், ஆற்று மணல், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. நார்க் கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். கடல் மணல் கையில் கிடைக்கிறதே என்று சேர்க்க வேண்டாம். ஒரு தொட்டிக்கு நான்கைந்து கிழங்கு, கூர் முனை மேலே, நுனி மூடுகிற அளவு மண். கிழங்கின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதைத் தொட்டியின் விளிம்பைப் பார்த்து வைத்தால் முதல் அகல இலை வெளிப்பக்கம் சாயும். கிழங்குச் சாறு சிலருக்கு அரிக்கும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

அப்புறம் லேசாக நனைத்து, தொட்டியை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். பொங்கல் வரையிலான இந்த நான்கு வாரத்தைத் தவற விடாதீர்கள். குளிரிலேயே வேர் ஓடிவிட்டால்தான் வெளியே வந்ததும் நம் வெயிலைத் தாங்கும். மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

பொங்கலை ஒட்டி வெளியே எடுங்கள். மொத்தம் பதினான்கு வாரக் குளிர் ஆகியிருக்கும். முதல் சில நாள் வீட்டுக்குள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம். கடல் காற்று நேரே அடிக்காமல் சுவரோரம் வையுங்கள். பனையோலைத் தட்டி ஒன்று மறைத்தாலும் போதும். தொட்டியைப் பெரிய மண்சட்டியில் ஈர மணலுக்குள் இறக்கி வைத்தால் வேர்ப்பகுதி சூடேறாது.

மொட்டு நிறம் காட்டியதும் வீட்டின் குளிர்ந்த தரைக்குக் கொண்டுவாருங்கள். வெப்பத்தில் இதழ் அகல விரிந்து சீக்கிரம் உதிரும். தண்டு படத்தில் பார்த்ததைவிடக் குட்டையாக இருக்கும், பூவும் சில நாள்தான் நிற்கும்.

இதே கிழங்கு அடுத்த வருடம் இங்கே பூக்காது. சிறு சிறு கிழங்காகப் பிரிந்து மெலிந்துவிடும். உரக்குழியில் போட்டுவிட்டு, அக்டோபரில் புதிதாக வாங்குங்கள். வருடா வருடம் தானாகப் பூப்பது வேண்டுமென்றால் ரெயின் லில்லி வையுங்கள்; அதற்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், மழை பெய்தால் போதும்.