பனியை நம்ப முடியாத குன்றுகளில் பனிச்சறுக்கு விடுமுறை: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

ஆல்ப்ஸில் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் என்றால் ஆறு மாதம் முன்பே தேதி குறித்துவிடலாம். ஜெர்மனியின் சவர்லாந்து மாதிரியான குன்றுப் பகுதியில் அது சரிவராது. அங்கே பனிச்சறுக்குக்குப் பேர்போன வின்டர்பெர்க் கிட்டத்தட்ட 670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள காலர் ஆஸ்டன் குன்றே 842 மீட்டர்தான். இன்று வெள்ளையாக இருக்கும் சரிவு, ஒரு மழை பெய்தால் நாளை மறுநாள் பச்சையாகிவிடும்.

இருந்தாலும் டோர்ட்முண்ட், எஸ்ஸன், கொலோன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குப் பிள்ளைகளோடு எளிதாகப் போய்வரக்கூடிய பனிமலை இதுதான். சரியாகத் திட்டமிட்டால் அருமையான விடுமுறை கிடைக்கும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பனி எப்போது பெய்யும் என்று பார்ப்பதைவிட, குளிர் எப்போது நிலைக்கும் என்று பாருங்கள்.

படி 1: மாதத்தை மட்டும் முடிவு செய்யுங்கள்

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிசம்பர் கடைசியில் அட்லாண்டிக் பக்கமிருந்து மிதமான, ஈரமான காற்று வந்து பனியைக் கரைப்பது மத்திய ஐரோப்பாவில் அடிக்கடி நடப்பது. ஜெர்மன்காரர்கள் அதற்கு ‘வைனாக்ட்ஸ்டாவெட்டர்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருப்பதும் அந்த வாரத்தில்தான்.

பிப்ரவரியில் நெதர்லாந்துப் பள்ளி விடுமுறைத் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வின்டர்பெர்க்குக்கு அங்கிருந்து ஏராளமானோர் வருவார்கள். முடிந்தால் வார நாள்களில் போங்கள்.

படி 2: ரத்து செய்யக்கூடியதை முதலில் பதிவு செய்யுங்கள்

தங்குமிடத்தை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, இந்த ஊரில் அதுதான் லாபம். கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்குள் ரத்து செய்யலாம் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பயிற்சி வகுப்புக்கு முன்பதிவு வேண்டியிருக்கும், அதன் ரத்து விதியையும் கேட்டு வையுங்கள். சரிவின் உச்சிக்கு ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்கான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்றால், அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்குங்கள்.

படி 3: ஒரு வாரம் முன்பிருந்து குளிரைக் கவனியுங்கள்

வின்டர்பெர்க்கின் முக்கியமான சரிவுகளில் செயற்கைப் பனி எந்திரங்கள் உண்டு. தண்ணீரை நுண்ணிய துளிகளாகக் காற்றில் பீய்ச்சினால், தரைக்கு வருவதற்குள் அவை உறைந்துவிடும். இதற்கு வெப்பமானியில் தெரியும் எண்ணோடு காற்றின் ஈரப்பதமும் முக்கியம். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்கிறதே, அதுபோல இந்தத் துளிகளும் கொஞ்சம் ஆவியாகி மேலும் குளிர்கின்றன. காற்று உலர்ந்திருந்தால் அது நன்றாக நடக்கும்.

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கணக்குதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. அது சுமார் மைனஸ் 2.5 டிகிரிக்குக் கீழே போனால் எந்திரங்கள் ஓரளவு வேலை செய்யும், இன்னும் குறைந்தால் நன்றாக ஓடும். எடுத்துக்காட்டாக, 0 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 3.5 அளவுக்கு இருக்கும், பனி செய்யலாம். மைனஸ் 1 டிகிரியில் மூடுபனி சூழ்ந்திருந்தால் அதுவும் மைனஸ் 1தான், எந்திரத்தை ஓட்டிப் பயனில்லை.

ஆகவே வானிலை ஆப்பில் மூன்றைப் பாருங்கள்: இரவு வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை. கிழக்கிலிருந்து காற்று வந்தால் உலர்ந்த குளிர், எந்திரங்களுக்குக் கொண்டாட்டம். வடமேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் இயற்கைப் பனி பெய்ய வாய்ப்பு அதிகம். தென்மேற்கு என்றால் பெரும்பாலும் மழைதான். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு நல்ல குளிர் இருக்கும் என்று தெரிந்தால் கிளம்பத் தயாராகுங்கள்.

உங்கள் ஊர் வெப்பநிலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். 100 மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி குறையும். டோர்ட்முண்டில் 4 டிகிரி என்றால், அதைவிடச் சுமார் 600 மீட்டர் மேலே இருக்கும் வின்டர்பெர்க்கில் ஏறக்குறைய 0. சில அமைதியான குளிர்நாள்களில் இது தலைகீழாகி, கீழே குளிரும் மேலே இதமும் இருப்பதுண்டு. அதனால் அந்த ஊருக்கான முன்னறிவிப்பையே பாருங்கள்.

படி 4: முந்தின நாள் வெப்கேமராவைப் பாருங்கள்

பனி எத்தனை சென்டிமீட்டர் என்ற எண் மட்டும் போதாது. எத்தனை லிஃப்ட் ஓடுகிறது, அதில் புதியவர்களுக்கான நீலச் சரிவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழுப்புப் புல்வெளி நடுவே ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் தெரிந்தால் அது செயற்கைப் பனி. சரிவில் சறுக்கக் கற்றுக்கொள்ள அது போதும். காட்டுவழியே போகும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்குக்குப் பெரும்பாலும் இயற்கைப் பனி வேண்டும்.

படி 5: பனி இல்லாவிட்டால் என்ன?

இதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். பனிக்கட்டித் தடத்தில் சறுக்குவண்டியில் அதிவேகமாக இறங்கும் விளையாட்டுதான் பாப்ஸ்லெட். வின்டர்பெர்க்கில் உள்ள அந்தத் தடம் குளிரூட்டப்பட்டது, ஊரில் பனி இல்லாவிட்டாலும் ஓடும். 2024இல் பாப்ஸ்லெட், ஸ்கெலிட்டன் (குப்புறப் படுத்துத் தலை முன்னால் போகச் சறுக்குவது) உலகச் சாம்பியன்ஷிப் நடந்ததும் இங்கேதான். போட்டியோ பயிற்சியோ நடக்கும் நாளாகப் பார்த்துப் போனால், வளைவில் வண்டி பறப்பதைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். நடக்கப் பிடித்தவர்களுக்கு ரோட்டார்ஸ்டைக் நடைபாதை இருக்கிறது. கொட்டும் மழை என்றால் அட்டண்டோர்னில் உள்ள அட்டா குகைக்குப் போகலாம், திறந்திருக்கும் நாளை மட்டும் சரிபாருங்கள்.

படி 6: உடையும் காலணியும்

இந்தக் குன்றுகளில் கடுங்குளிரைவிட ஈரம்தான் அதிகம் படுத்தும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. தண்ணீர் புகாத ஜாக்கெட், கால்சட்டை, இரண்டு ஜோடி கையுறை கட்டாயம். ஸ்கீயையும் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) ஹெல்மெட்டையும் வாடகைக்கு எடுங்கள்.

ஸ்கீ பூட்ஸை அவசரப்படாமல் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு காலுறைதான். நேராக நிற்கும்போது கால்விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பவே கூடாது. வசதியாக இருக்கிறதே என்று பெரிய அளவை எடுத்தால் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காது.

படி 7: போய்ச் சேருவது

டோர்ட்முண்டிலிருந்து ஆர்இ57 ரயில் நேராக வின்டர்பெர்க் போகிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுதும் உள்ளூர், வட்டார ரயில்களுக்கும் பேருந்துகளுக்குமான மாதச் சீட்டு) செல்லும். பனி பெய்த ஞாயிற்றுக்கிழமையில் காரில் நெரிசலில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். காரில்தான் போவீர்கள் என்றால், மலைச் சிகரமும் பனிச்செதிலும் பொறித்த சின்னம் டயரில் இருக்கிறதா பாருங்கள். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் பனிச்சாலைக்கு அந்தச் சின்னமுள்ள டயர்தான் செல்லும்.

படி 8: சரிவில் முதல் நாள்

காலை வகுப்பையே எடுங்கள். இரவில் எந்திரம் சீவிச் சமன்செய்த பனி அப்போதுதான் சீராக இருக்கும். பகலில் 2, 3 டிகிரி ஏறினால் மதியத்துக்குள் அது கூழாகிக் கனத்துவிடும், புதியவர்களுக்கு முழங்கால் திருகிக்கொள்வது அந்தப் பனியில்தான் எளிது. உங்களுக்கு முன்னால், கீழே போகிறவருக்கே முன்னுரிமை, விலகிப் போக வேண்டியது மேலிருந்து வரும் நீங்கள். பனி ஒட்டத் தொடங்கி, காலும் தளர்ந்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அப்புறம் இரவு வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, மறுநாளுக்கு லிஃப்ட் டிக்கெட் வாங்குவதா, குகைக்குப் போவதா என்று முடிவு செய்யலாம்.