மஞ்சள் கடுதாசிக்கு முன்: எந்தக் கடனை விடலாம், எதை விடக்கூடாது

கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. கையில் இல்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறைக்கு அனுப்பக்கூடாது, இருந்தும் ஏய்ப்பவனைத்தான் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது. ஊர்ப் பேச்சிலும் இந்த வித்தியாசம் உண்டு: 'நொடிச்சுப் போயிட்டான்' என்பது வேறு, 'ஏமாத்திட்டுப் போயிட்டான்' என்பது வேறு. ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டைப் போட்டுவிட்டுத் திருவனந்தபுரம் வண்டி ஏறாமல், மஞ்சள் கடுதாசி (கடனைத் தீர்க்க முடியாது என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் நொடிப்பு மனு) வரை போவதற்கு முன், முதல் வகையில் நிற்பதற்கான வழி இது.

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். கையில் வாங்கிய தொகை (பத்திரத்தில் எழுதியது அல்ல), இதுவரை கட்டியது, கடைசியாகக் கட்டிய தேதி, ஜாமீன் யார், அவர்களிடம் இருக்கும் தாள்கள்: புரோநோட்டு, தொகை எழுதாத செக், வெற்று முத்திரைத்தாள், வீட்டுப் பத்திரம், ஏடிஎம் கார்டு. கடைசி வரியில் ஒரு கேள்வி: நான் கட்டாவிட்டால் நட்டம் யார் தலையில் விழும்? எந்தக் கடனை விடலாம் என்பதை அந்த வரிதான் முடிவு செய்யும். வட்டி விகிதமோ, வாசலில் வந்து யார் சத்தம் போடுகிறார் என்பதோ அல்ல.

அந்த வரியில் ஒரு மனிதரின் பெயர் வந்தால் அந்தக் கடனை விடக்கூடாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு சட்டப்படி உங்கள் பொறுப்புக்குச் சமம். வங்கி உங்களை விட்டுவிட்டு நேராக அவரிடமே போகலாம். தவணை தவறப்போகிறது என்றால், தவறுவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். குழுக் கடனும் இப்படித்தான். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) கூலியில் தவணை கட்டும் மற்ற பெண்கள் உங்கள் பங்கையும் சேர்த்துப் போட வேண்டிவரும். குடும்ப மாத வருமானத்தில் 50 விழுக்காட்டுக்கு மேல் தவணைகளுக்குப் போகக்கூடாது என்பது மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வைத்த விதி. அதை மீறிக் கடன் கொடுத்திருந்தால் தவணையைக் குறைக்கச் சொல்லி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கூட இருக்கும் பெண்கள் மேல் தள்ளாதீர்கள். சீட்டு எடுத்துவிட்டு மீதித் தவணையை நிறுத்துவது இதைவிட மோசம். அது முழுக்க முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்ட பணம்.

கைமாற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தாள் கிடையாது, சாட்சி கிடையாது. வளைகுடாவிலிருந்து மச்சான் அனுப்பியது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தது என்று வந்த பணம். விடுவதற்கு இதுதான் ஆக எளிது, அதனாலேயே கடைசி வரை விடக்கூடாதது. மூன்று வருடம் கழிந்தால் வழக்குப் போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் காலாவதி நீதிமன்றக் கதவை மட்டுமே அடைக்கிறது, கடன் அழிவதில்லை. கேட்கக் கூச்சப்பட்டே ஒருவர் மூன்று வருடத்தைக் கடத்தியிருந்தால், அந்தக் கூச்சத்தை நீங்கள் லாபமாக்கக்கூடாது.

பணயம் வைத்த நகை வேறு கதை. தவறினால் நகையை விற்றுக்கொள்ளலாம் என்பது தொடக்கத்திலேயே பேசிய பேச்சு. ஏலம் போகட்டும் என்று விடுவதில் தப்பில்லை, நகை உங்களுடையதாக இருந்தால். மருமகளின் சீதன நகை என்றால் ஏலத்துக்குப் பிறகு நீங்கள் அவளுக்குக் கடன்காரர். நோட்டில் அவள் பெயருக்கும் ஒரு பக்கம் திறங்கள். ஏலத்தில் கடனைவிட அதிகம் கிடைத்தால் மீதி உங்களுக்குச் சேரும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஏலக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

இனி கந்துவட்டி. இங்கே விடவேண்டியது வட்டியை. 50,000 ரூபாய், பத்து வட்டி என்றால் மாதம் 5,000. ஒரு வருடத்தில் 60,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கும். அதே 5,000த்தை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டிக் கணக்கில் கட்டியிருந்தால் பதினோராவது மாதத்திலேயே கடன் முடிந்திருக்கும். உங்கள் நோட்டிலும் இப்படிப் போட்டுப் பாருங்கள். அசலும் நியாயமான வட்டியும் போய்ச் சேர்ந்திருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டிய அறம் இல்லை. சேராமல் இருந்தால் அந்த மீதியைக் கொடுத்தே தீர வேண்டும். வட்டிக்காரர் கெட்டவர் என்பதால் வாங்கிய அசல் நம்முடையதாகிவிடாது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி, அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியக் கேட்கலாம். கந்துவட்டி வாங்குவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். புகாரை எஸ்பி அலுவலகத்திலோ, திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ நோட்டின் நகலுடன் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இதில் தப்பு நடப்பது பெரும்பாலும் செக்கில். வெற்று செக்கில் பெருந்தொகையை நிரப்பி வங்கியில் போடுவார்கள். அது திரும்பியதும் நோட்டீஸ் வரும். கையில் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் வக்கீல் மூலம் கணக்கோடு பதில் அனுப்புங்கள். வாங்காமல் திருப்பி அனுப்புவது எதிராகவே முடியும். செக் தொலைந்துவிட்டது என்று பொய்ப் புகார் கொடுக்காதீர்கள். அந்த ஒரு பொய் உங்கள் நியாயமான கணக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

அப்பா வைத்துவிட்டுப் போன கடன்: அப்பன் கடனை மகன் தீர்ப்பது சமயக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டின் பேரில் மட்டும் வசூலிப்பது, 9.9.2005க்குப் பிறகு ஏற்பட்ட கடன்களுக்குச் செல்லாது. எந்த மதத்தினரானாலும், கைக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசின் பொறுப்பு. 4 லட்சத்துக்கு நிலம் வந்து கடன் 6 லட்சம் என்றால் 4 லட்சம் கொடுத்தாக வேண்டும். மீதி உங்கள் மனது. துக்க வீட்டிலேயே புது புரோநோட்டை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சொந்தக் கடன்.

எல்லாருக்கும் முழுதாகக் கட்ட முடியாதபோது, இருப்பதைக் கடன் அளவின் விகிதத்தில் பிரியுங்கள். வருமானம் 18,000, சாப்பாடு, வாடகை, மருந்து, பள்ளிக்கூடம் போக 5,000 மிச்சம். கடன்கள் 1,00,000, 60,000, 40,000 என்றால் மாதம் 2,500, 1,500, 1,000. சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுத்துப் பழக்கினால் மரியாதையாகக் காத்திருப்பவர் தண்டிக்கப்படுகிறார். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகில் போகிறவர் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் என்பதைத் திட்டத்திலேயே எழுதிக் காட்டட்டும். ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு மழையும் இலையுதிர்வும் அப்படியே. முதல் மாதமே முறியும் வாக்கைக் கொடுப்பதைவிட இது நேர்மை.

வங்கியில் ஒரே தவணைத் தீர்வு (குறைத்த தொகையை ஒரேயடியாகக் கட்டிக் கடனை முடிப்பது) பேசினால் கடிதம் கைக்கு வரும் முன் பணம் கட்டாதீர்கள்; கட்டியதும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். சிபிலில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவு) 'செட்டில்டு' என்று பதிவாகும், அடுத்த கடனுக்கு இடிக்கும். வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. மிரட்டலில் மனது உடைந்து உயிரை விடத் தோன்றினால் 104ஐ அழையுங்கள், அந்த நிமிடமே.

எதுவும் நடக்காதபோதுதான் மஞ்சள் கடுதாசி. 1920ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டப்படி உங்கள் பகுதி சார்பு நீதிமன்றத்தில் மனு. எல்லாக் கடனையும், எல்லாச் சொத்தையும் எழுத வேண்டும். முந்தைய இரண்டு வருடத்துக்குள் வீட்டை மனைவி பெயருக்குத் தானமாக மாற்றியிருந்தால் அது ரத்தாகலாம். ஊர் மனதில் நீங்கள் ஏமாற்றுக்காரர் ஆவதும் அங்கேதான். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி, தாலி ஆகியவற்றில் கைவைக்க முடியாது. அரசுக்குச் செலுத்த வேண்டியதும், மோசடியால் வந்த கடனும், ஜீவனாம்சமும், கடன்களிலிருந்து நீதிமன்றம் தரும் விடுதலைக்குப் பிறகும் தீராது. சொத்து, ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா (பாதி) அளவுக்குக்கூட இல்லையென்றால், அது உங்கள் குற்றத்தால் நேரவில்லை என்று காட்டினால்தான் முழு விடுதலை கிடைக்கும். ஆஸ்பத்திரி பில், படகு உடைந்ததற்கான புகார் ரசீது, வேலை போன கடிதம் எல்லாவற்றையும் அந்த நோட்டிலேயே தேதி வாரியாக ஒட்டி வையுங்கள்.