பிளாஸ்டிக்குக்குள் உறைந்துகிடக்கும் தகைவை (உள்ளே தேங்கிய இழுப்பை) கண்ணால் பார்க்க

தேவையானவை மூன்றே: ஒரு எல்சிடி திரை, ஒரு போலராய்டு தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), ஒளிபுகும் பிளாஸ்டிக் பொருள் ஒன்று. சிடி டப்பா, கோணமானி, தூக்கியெறியும் முள்கரண்டி எல்லாம் நன்றாக வேலை செய்யும். எல்சிடி ஒளி தளவிளைவுற்றே, அதாவது ஒரே தளத்தில் அதிர்ந்தபடியே, வெளிவருவதால் இரண்டாவது தாள் வேண்டாம்.

திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை விளக்கை அணையுங்கள். தாளைக் கண்ணருகே பிடித்து, திரை இருண்டுபோகும்வரை மெல்லச் சுழற்றுங்கள். அப்படியே நிறுத்தி, இடையில் பிளாஸ்டிக்கை நீட்டினால் இருட்டில் நிறப்பட்டைகள் எழும். முள்கரண்டியின் இரு முட்களை விரலால் நெருக்கிப் பாருங்கள்: அடிப்பகுதியில் பட்டைகள் குவியும், விட்டதும் கலையும்.

காரணம் இதுதான். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் பாயும் திசையில் இழுபட்டு, அப்படியே இறுகிவிடுகின்றன. ஒளியின் மின்புலம் அந்தத் திசையில் அதிர்ந்தால் ஒரு வேகம், குறுக்கே அதிர்ந்தால் வேறு வேகம். 1 மி.மீ. தடிமனில் இந்த இரு அதிர்வுகளுக்கும் ஒளிவிலகல் எண் 0.00055 வேறுபட்டாலே ஒன்று மற்றதைவிட 550 நானோமீட்டர் பின்தங்கும். பச்சைக்கு அது ஒரு முழு அலைநீளம். அதனால் பச்சை பழைய தளத்திலேயே வந்து தாளில் தடுபட, மிஞ்சிய சிவப்பும் நீலமும் மெஜந்தாவாகத் தெரியும். தகைவு குறைந்த இடத்தில் வெறும் சாம்பலும் வெள்ளையும்தான். பட்டைகள் நெருங்கியிருந்தால் தகைவு அங்கே சட்டென்று மாறுகிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக் அச்சுக்குள் புகுந்த வாயருகே.

நிறமே வரவில்லையா? தகைவுத் திசை தாள் ஒளியை விடும் திசையோடு ஒத்துப்போயிருக்கலாம். பொருளை 45° திருப்புங்கள். திரை எப்படிச் சுழற்றினாலும் இருளவில்லை என்றால், திரைமேல் ஒட்டிய பாதுகாப்புப் படலத்தைச் சந்தேகியுங்கள். தாளுக்குப் பதில் கேமராவின் சிபிஎல் ஃபில்டரை (வட்டத் தளவிளைவு வடிகட்டி) பிடித்திருந்தால், லென்ஸில் திருகும் மரை இருக்கும் பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து ஏமாறுபவர்களே அதிகம்.

அக்ரிலிக்கில் நிறம் மங்கலாகவே வரும். அது அந்தப் பொருளின் இயல்பு, தகைவு இல்லை என்று அர்த்தமல்ல. ஒரே பொருள், ஒரே தடிமன் என்றால் மட்டுமே நிறத்தை வைத்து ஒப்பிடலாம்.

பட்டைகள் நெருங்கிய இடத்தில் துளை போடாதீர்கள், ஸ்பிரிட் தொட்டும் துடைக்காதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.